பதினேழு வரி நிரலும் மாற்ற ஒப்புதல் மன்றமும்

நான் எழுதியது மொத்தம் பதினேழு வரி. அதில் நான்கு வரி காலி. இரண்டு வரி, எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு. மிச்சமுள்ள பதினோரு வரியிலும் என் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை. கணினி படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்குகிற சாதாரண சாக்கெட் சர்வர். நான் படிக்கும்போது ஆறு வாங்கினேன்.

அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். யாராவது வெளியிலிருந்து தட்டினால் திறக்கும். வந்தவர் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லும். வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

எங்கள் கம்பெனி வைட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் இருக்கிறது. நகரமெங்கும் உள்ள சிறிய டயாலிசிஸ் மையங்களுக்கு நாங்கள்தான் மென்பொருள். யாருக்கு எந்தக் கிழமை, எந்த மிஷின், எத்தனை மணி என்பதெல்லாம் எங்களிடம் இருக்கும். நான் குடியாத்தத்திலிருந்து வந்த ஒப்பந்த ஊழியன். என் அடையாள அட்டையின் கயிறு ஆரஞ்சு நிறம். நிரந்தர ஊழியர்களுக்கு நீலம். ஆரஞ்சுக் கயிறுக்காரன் கூட்டத்தில் கேட்டால் மட்டும் பேசலாம்.

செவ்வாய்க்கிழமை ஹெப்பகோடி மையம் பக்கத்துத் தெருவில் ஒரு புதுக் கட்டிடத்துக்கு மாறியது. இணைய இணைப்பும் மாறியது. புது முகவரியிலிருந்து அவர்கள் தட்டினார்கள். தெரியாத ஆள் என்று எங்கள் கதவு திறக்கவில்லை. மாலை ஆறு மணியோடு தொடர்பு அறுந்தது.

புதன்கிழமை காலை போன் வந்தது.

"தம்பி, எலிசபெத் பேசறேன், ஹெப்பகோடி டயாலிசிஸ். ‘உங்கள் மையம் வெள்ளி மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டதாகக் கருதப்படும்’னு மெயில் வந்திருக்கு. யாரு மூடுனது? இப்பக்கூட ஆறு பேரு மிஷின்ல படுத்திருக்காங்க."

"நீங்க மூடலன்னு எங்களுக்குத் தெரியும் சிஸ்டர். மிஷினுக்குத் தெரியல."

அது எங்களிடம் இருக்கும் ஒரு பழைய நிரல். எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய் நான்கு வருடமாகிறது. அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. ஒரு மையத்திடமிருந்து எழுபத்திரண்டு மணி நேரம் எந்தக் கதவிலும் ஒரு தட்டல்கூட வராவிட்டால், மையம் செத்துவிட்டது என்று முடிவுகட்டும். நோயாளிகளை எல்லாம் எங்கே இடம் காலியோ அங்கே மாற்றிவிடும். ஒரே ஒரு தட்டல் வந்தால் போதும், எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

"இருபத்தாறு பேரையும் வைட்ஃபீல்டு மையத்துக்கு மாத்துமாம், காலம்பற நாலு மணி ஷிஃப்டுக்கு" என்றார் எலிசபெத் சிஸ்டர். "பாக்கியராஜ் அண்ணன்னு ஒருத்தரு, கோலார் தங்கவயல்ல எங்க பக்கத்து லைன் வீடுதான். செவ்வா, வியாழன், சனி. முடிச்சு எந்திரிச்சு நிக்கறதுக்கே அரை மணி ஆகும் அவருக்கு. நாலு மணிக்கு வைட்ஃபீல்டு வரணும்னா எதுல வருவாரு, சொல்லு? வரமாட்டாரு தம்பி. ‘பரவால்ல சிஸ்டர், அடுத்த வாரம் பாத்துக்கலாம்’னு வீட்லயே படுத்துடுவாரு. ரெண்டு தடவ விட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம். ‘இரண்டு முறை தவறினால் உயிருக்கு ஆபத்து’ என்ற எச்சரிக்கையைத் திரையில் சிவப்பு எழுத்தில் போட்டுவைத்ததே நான்தான்.

பெரிய கதவைப் புது முகவரிக்குத் திறக்க ஆறு வாரம் ஆகும். ஆனால் சோதனைக் கதவு என்று ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சின்ன நிரலை உட்காரவைத்து, மாற்ற ஒப்புதல் மன்றம் சரி என்று பதிவேட்டில் ஏற்றினால், அந்த நொடியே கதவு தானாகத் திறக்கும். அதனால் பதினேழு வரி எழுதினேன். எழுத இருபது நிமிடம். அதிலும் எட்டு நிமிடம் காபி வாங்கப் போயிருந்தேன்.

படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள் இருந்தன. ‘இந்தச் சேவையின் தொலைநோக்கு யாது?’ என்று பதினோராவது கேள்வி. ‘தட்டினால் திறப்பது’ என்று எழுதினேன். ‘பெங்களூரு நகரம் பேரிடரால் இயங்காமல் போனால் இச்சேவை எந்த நகரிலிருந்து இயங்கும்?’ என்று முப்பத்தி இரண்டாவது. குடியாத்தம் என்று எழுதினேன். அதை மட்டும் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

புதன் மூன்று மணிக்கு மன்றம் கூடியது. உறுப்பினர் மூவர். தலைவர் அனந்தபத்மநாபன் வீட்டிலிருந்து வருவார், அதாவது திரையில் வருவார். பாதுகாப்புக்கு வீணா, என் மேசையிலிருந்து ஒரு கண்ணாடிச் சுவர் தள்ளி அவர் அறை. ஆவணங்களுக்குக் கோவிந்தராஜன், அவரை நான் காரின் பின்சீட்டில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

"நான் பேசறது கேக்குதா?" என்றார் தலைவர்.

"கேக்குது சார். நான் பேசறது கேக்குதா?" என்றார் வீணா.

"உங்களது கேக்குது மேடம். கோவிந்தராஜன், நீங்க?"

கோவிந்தராஜனின் உதடுகள் அசைந்தன. மாரத்தஹள்ளிப் பாலத்தில் இருந்தார். "இப்ப?" "இல்ல." "இப்ப?" "லேசா." "ஹலோ, இப்ப?" இப்படிப் பன்னிரண்டு நிமிடம் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தலைவர் தொடக்க உரை ஆற்றினார். "ரகுராம், இந்த மன்றம் ஆரம்பிச்சு ஒம்பது வருஷம் ஆச்சு. நாங்க ஒப்புதல் கொடுத்த ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் பிரச்சினை ஆனதில்ல. எப்படிச் சாத்தியம்னு வெளிநாட்டு ஆபீஸ்லேருந்து கேக்கறா. ரொம்ப சிம்பிள். மொத்தமே நாலுக்குத்தான் கொடுத்திருக்கோம். அதுல மூணு, இந்த மன்றத்தோட பேர் மாத்தினது."

"நாலாவது சார்?" என்று கேட்டுவிட்டேன். ஆரஞ்சுக் கயிறு.

"அது பரிசீலனைல இருக்கு. சரி, உங்க நிரல் என்ன பண்ணும்?"

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. எளிமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இப்ப நீங்க மூணு பேரும் பன்னண்டு நிமிஷம் பண்ணீங்களே சார், அதேதான். கேக்குதான்னு கேட்டா, கேக்குதுன்னு சொல்லும்" என்றேன்.

வீணா எதையோ குறித்துக்கொண்டார்.

"அப்படின்னா" என்றார் மெதுவாக, "இத்தனை வருஷமா நாம ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒப்புதல் இல்லாம இணைப்புச் சோதனை பண்ணிட்டிருந்தோமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, என் நிரலுக்காக அல்ல. வியாழன் காலை சுற்றறிக்கை வந்தது. ‘கூட்டங்களில் தன் குரலோ பிறர் குரலோ கேட்கிறதா எனச் சோதிப்பதும், அதுபற்றிப் பிறருக்குத் தெரிவிப்பதும் முன் அனுமதியின்றி இனி கூடாது. விண்ணப்பங்கள் மூன்று வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும்.’

பதினோரு மணிக்கு எலிசபெத் சிஸ்டர். "ஆய்த்தா தம்பி?"

"ஆயிட்டே இருக்கு சிஸ்டர்."

"பாக்கியராஜ் அண்ணன் இங்கதான் மிஷின்ல இருக்காரு. உங்கிட்ட ஒண்ணு கேக்கணுங்கறாரு."

மிஷினின் பீப் ஒலிக்கு நடுவே ஒரு கரகரத்த குரல் வந்தது. "தம்பி, நாலு மணி ஷிஃப்டுன்னா ஒண்ணும் கஷ்டமில்ல, பழக்கம்தான், எங்கப்பா சுரங்கத்துல அந்த ஷிஃப்டுதான் போனாரு. அங்க போறதுக்கு வண்டி குடுப்பாங்களா, அத மட்டும் கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியாது. அதற்கும் ஒரு படிவம் இருக்கக்கூடும்.

நேராக வீணாவின் அறைக்குப் போய் நின்றேன். பாக்கியராஜைப் பற்றிச் சொன்னேன், வண்டி கேட்டதையும் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குப் புரியுது ரகுராம். ஆனா உங்க நிரலைப் படிச்சேன். பயமா இருக்கு. யார் தட்டினாலும் திறக்குதே!"

"அதுக்குத்தான் மேடம் எழுதினேன்."

"யாருன்னே தெரியாதவங்க வந்தா?"

"யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் மேடம் திறக்கறோம்."

"ஒண்ணு பண்ணுங்க. தெரிஞ்சவங்க தட்டினா மட்டும் திறக்கட்டும். ஆரம்பத்துல நமக்கு முழுசா தெரிஞ்சவங்கன்னா யாரு? நம்ம நிரல்தான். அது தட்டினா அது திறக்கட்டும். அதுல ரிஸ்க்கே இல்ல."

தன் வீட்டுக் கதவைத் தானே உள்ளேயிருந்து தட்டி, தானே திறந்து, தன்னையே வரவேற்பது. என் தொழிலில் அதற்கென்றே ஒரு முகவரி இருக்கிறது. 127.0.0.1 என்று போட்டால் நிரல் தன் கணினியின் குரலைத் தவிர வேறு எதையும் கேட்காது. ஒரு வரியை மாற்றினேன். மன்றத்துக்குக் கொண்டுபோக அதுதான் ஒரே வழி. உள்ளே போனபின் பேசிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழன் நான்கு மணிக்கு நேர்முகச் செயல்விளக்கம். மன்றமே பதினோராவது மாடிக்கு நேரில் வந்தது. கோவிந்தராஜன் மட்டும் கீழே வாகன நிறுத்தத்தில் காரிலேயே இருந்தார். நான் தட்டினேன். நிரல் திறந்தது. ‘வணக்கம்’ என்றேன். ‘வணக்கம்’ என்றது. நூறு தடவை தட்டச் சொன்னார்கள். நூறு தடவையும் திறந்தது. கைதட்டினார்கள். ‘முதல் வெளித்தொடர்பு வெற்றி’ என்று எழுதிய கேக் எங்கிருந்தோ வந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

"பிரமாதம்" என்றார் தலைவர், வாயில் கேக்குடன். "இவ்வளவு ஸ்டெடியா ஒரு இணைப்பை நான் பாத்ததே இல்ல. ஒரு தடவைகூடத் தவறல!"

"சார், ஹெப்பகோடி..."

"அது வெளியாள் இல்லையா? ஒரு வரியை மாத்தணும். மாத்தினா புது நிரல். புது நிரல்னா புதுக் கூட்டம். நாளைக்கு அஞ்சே காலுக்கு அவசரக் கூட்டம் வெச்சுக்கலாம். அவசரம்னா என்னன்னு இந்த மன்றத்துக்குத் தெரியும்."

வெள்ளி ஐந்தே காலுக்கும் ஆறு மணிக்கும் நடுவே நாற்பத்தைந்து நிமிடம். இருபத்தாறு பேர் அதற்குள் இருந்தார்கள். அறுபத்து நான்கு கேள்விகளுக்கும் மறுபடி பதில் எழுதினேன். கேக் மட்டும் நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன், அதை இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளி நான்கரைக்கு எலிசபெத் சிஸ்டரின் குரல் மாறியிருந்தது. "எல்லாருக்கும் மெசேஜ் வர ஆரம்பிச்சுடுச்சு தம்பி. ‘ஆறு மணிக்குப் பின் உங்கள் இருக்கை: வைட்ஃபீல்ட், அதிகாலை நான்கு’ன்னு. ஒவ்வொருத்தரா போன் பண்றாங்க. நான் என்ன சொல்ல? நாளைக்கு ஷட்டரைத் திறக்கவா வேணாமா?"

"ஆறு மணி வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர். கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காருங்க. நான் கூப்பிட்டதும், நான் அனுப்பியிருக்கிற நம்பரை அந்தக் கறுப்புத் திரையில அடிக்கணும்."

ஐந்தே கால். தலைவர் திரையில் தோன்றினார். கோவிந்தராஜன் தோன்றினார், டின் ஃபேக்டரி சிக்னலில் வாய் திறந்தபடி உறைந்துபோனார். படம் அப்படியே நின்றது. வீணா தன் கண்ணாடி அறையில்.

தலைவர் தொடக்க உரையை ஆரம்பித்தார். உதடு அசைந்தது, கை அசைந்தது. சத்தம் வரவில்லை. மைக்கை மூடிவைத்திருந்தார்.

உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் இதற்கு ஒரு மருந்து உண்டு. யாராவது ஒருவர் "சார், கேக்கல" என்பார். நானும் வாயைத் திறந்தேன். சுற்றறிக்கை ஞாபகம் வந்தது, மூடினேன். எழுத்தில் தெரிவிக்கலாம் என்றால், அரட்டைப் பெட்டியைப் பாதுகாப்புக் காரணமாகப் போன வருடமே எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த சின்னக் கடிகாரம் கண்ணில் பட்டது. மன்றத்தின் விதி ஒன்று அதில் இருந்தது: கூட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் எந்த உறுப்பினர் குரலும் பதிவாகாவிட்டால், ஆட்சேபம் இல்லை என்று பதிவேடு தானே ஒப்புதலை ஏற்றிவிடும். ஒன்பது வருடமாக அந்த விதி தூங்கிக்கொண்டிருந்தது. தலைவரின் தொடக்க உரையே இருபது நிமிடத்தைத் தாண்டும்.

பதினேழு நிமிடம் பாக்கி.

நான் மூச்சுவிடக்கூடப் பயந்தேன். உறுப்பினர் அல்லாதவன் குரல் கணக்கில் வராது, இருந்தாலும் பயந்தேன். தலைவர் சுட்டுவிரலை ஆட்டினார். ஏதோ காகிதத்தை எடுத்துக் காட்டினார். மறுக்கிறார் என்று தெரிந்தது; ஒருவேளை அந்த நூறு தடவையைப் புகழ்கிறாரோ என்னவோ. மேசையில் என் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எலிசபெத் சிஸ்டர். எடுக்கவில்லை.

பன்னிரண்டு நிமிடம். கோவிந்தராஜனின் படம் ஒரு கணம் உயிர்பெற்றது. எனக்கு உயிர் போயிற்று. ‘ஹ’ என்று உதடு அசைந்தது, ஹலோ சொல்லப் போகிறார். பக்கத்தில் ஒரு பஸ் வந்து மறைத்தது, மறுபடி உறைந்தார்.

ஏழு நிமிடம். கண்ணாடிக்கு அப்பால் வீணா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதுகாப்புத் தலைமை, சுற்றறிக்கையை எழுதியவரே அவர்தான், மீறினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வாயைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடித்தார். மூடியைத் திருகினார். அது முடிந்ததும் மறுபடி திறந்து இன்னொரு தடவை குடித்தார். அவ்வளவு நிதானமாக ஒருவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டாரா, வேறு எதற்காவதா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

ஐந்து முப்பத்தைந்து. பதிவேடு பச்சையானது. கதவு திறந்தது.

127.0.0.1ஐ அழித்து, எல்லாத் திசையிலிருந்தும் கேள் என்று பொருள்படும் நான்கு பூஜ்ஜியங்களைப் போட்டேன். அவசரத்தில் ஐந்து பூஜ்ஜியம் போட்டு நிரல் திட்டியது. மறுபடி போட்டேன். ஓடியது. போனை எடுத்தேன்.

"சிஸ்டர், இப்ப அடிங்க."

"அடிச்சுட்டேன். ஒண்ணும் வரல."

ஐந்து நாற்பத்தொன்று. "மறுபடி."

"வரல தம்பி. கர்சர் சும்மா துடிச்சிட்டிருக்கு."

"நீங்க அடிச்ச நம்பரைச் சொல்லுங்க." சொன்னார். பழைய கட்டிடத்தின் கணினியில் ஒட்டியிருந்த சீட்டிலிருந்து அடித்திருக்கிறார்; நான் அனுப்பியதை அல்ல. என் மெயில் எங்கே என்றால், புது இணைப்பில் மெயில் பெட்டி திறக்க நேரமாகிறது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். பின்னால் யாரோ அழைக்க, "இரும்மா, ஒரு நிமிஷம், பிரஷர் அப்புறம் பாக்கறேன்" என்றார். மூன்றாவது எண்ணில் லைன் துண்டித்தது. திரும்ப அழைத்தேன். பிஸி. ஐந்து ஐம்பது. பிஸி. ஐந்து ஐம்பத்திரண்டு. அவர் எனக்கு, நான் அவருக்கு, இருவரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தோம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்தது.

மிச்ச எண்களைச் சொன்னேன். ஐந்து ஐம்பத்தாறுக்கு என் திரையில் ஒரு வரி வந்தது. ஹெப்பகோடியின் புது முகவரி.

"தம்பி, ஏதோ திறந்துச்சு! இப்ப என்ன அடிக்கணும்?"

"எது வேணா அடிங்க சிஸ்டர். அப்படியே திரும்பி வரும்."

அவர் இரண்டு விரலால் அடிப்பவர். ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒவ்வொரு வரியாக வந்தது. ‘பாக்கியராஜ் சனி காலை ஆறு.’ திரும்பிப் போனது. ‘தனலக்ஷ்மி சனி காலை ஆறு.’ போனது. ‘மரகதம் சனி பத்தரை.’ நாளைக்கு யார் யார் வர வேண்டுமோ அவர்கள் பெயரை எல்லாம் பதிவேட்டிலிருந்து பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். தனியுரிமைக் குழு பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருக்கும்.

ஆறு மணி. பழைய நிரல் எழுந்தது, ஹெப்பகோடியைப் பார்த்தது, ‘உயிருடன் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் படுத்தது.

ஆறு ஏழுக்குத் தலைவர் போனில் வந்தார். இந்த முறை குரல் நன்றாகவே கேட்டது. "ரகுராம்! நான் முழுக்க ஆட்சேபிச்சேன்! இருபத்தி நாலு நிமிஷம்! உடனே அந்த நிரலை நிறுத்துங்க!"

"நிறுத்தறதும் ஒரு மாற்றம்தானே சார்? மன்றத்தோட ஒப்புதல் இல்லாம நான் எப்படி நிறுத்தறது?"

திட்டப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"நிறுத்தறதுக்குப் படிவம் போட்டீங்களா?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இப்பவே போட்டுடறேன் சார். அறுபத்து நாலு கேள்வியும்."

"வெரி குட். அப்ப மன்றம் முடிவு பண்ணட்டும். இவ்வளவு பெரிய விஷயத்துல அவசரப்படக்கூடாது."

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. நிறுத்தல் விண்ணப்பம் மூன்று கூட்டங்களில் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குத் தாக்க ஆய்வு வேண்டுமாம், ஆய்வுக்கு ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கதவுக்கான விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, ‘சோதனை இன்னும் நடைபெற்று வருகிறது’ என்ற குறிப்புடன். என் ஒப்பந்தம் ஒரு காலாண்டு நீட்டிக்கப்பட்டது. அந்த நிரலைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான் என்று காரணம் எழுதியிருந்தார்கள். கையெழுத்து வீணாவுடையது.

தினமும் காலை ஷட்டர் திறந்ததும் எலிசபெத் சிஸ்டர் ஒரு தட்டல் தட்டிவிடுகிறார். நோயாளி பெயர்களை அடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், சமையலுக்கு என்ன செய்தார் என்று அடிக்கிறார். ராகிக் களி என்றால் ராகிக் களி என்று பதில் போகிறது.

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேறு ஒரு வரி வந்தது. ‘வந்துட்டேன்.’ என் நிரல் அதற்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

ஐந்து நிமிடத்தில் போன். எலிசபெத் சிஸ்டர் சிரித்துக்கொண்டே யாரிடமோ கொடுத்தார். கரகரத்த குரல்.

"தம்பி, அந்தப் பக்கம் யாருப்பா உக்காந்திருக்கறது? நான் வந்துட்டேங்கறேன், அவரும் வந்துட்டேங்கறாரு. பாவம், அவருக்கு எத்தன மணிக்கு ஷிஃப்டு?"